வராத பதிமூன்றாம் இதழ்

1

எட்மண்டனில் வந்து இறங்கி இந்தப் பிப்ரவரியோடு இருபத்தொரு வருடம் முடிந்தது. ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியில் என் மனைவி பத்மா கேசரி கிளறுவாள். அது கொண்டாட்டமா, இல்லை வந்ததற்குப் பரிகாரமா என்று நாங்கள் இதுவரை உட்கார்ந்து பேசியதில்லை. வாயில் கேசரி இருக்கும்போது அந்தப் பேச்சு எழாது.

இந்த வருடம் அந்த நாள் சனிக்கிழமையில் வந்தது. மத்தியானம் மகளை அழைத்துவரப் போனேன். வெளியே மைனஸ் இருபத்தாறு. மகளுக்குப் பதினேழு வயது, வீட்டில் மதுமிதா, வெளியில் மேடி. சனிக்கிழமைகளில் ஒரு காமிக்ஸ் கடையில் வேலை செய்கிறாள். ஒரு காமிக்ஸ் புத்தகத்துக்காக மாதம் முழுக்க ஏங்கியவனின் மகள் காமிக்ஸ் விற்றுச் சம்பளம் வாங்குகிறாள் என்று நான் ஒருமுறை பெருமையாக ஆரம்பித்தேன். "அப்பா, இது பார்ட் டைம்" என்று அவள் முடித்துவிட்டாள்.

நான் போனபோது கம்பளித் தொப்பி போட்ட ஒரு மனிதர், என் வயதிருக்கும், அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பையனோடு உட்கார்ந்து படம் பார்த்தாராம், இப்போது புத்தகங்களையும் படிக்க ஆசையாம், எங்கிருந்து ஆரம்பிப்பது?

"இந்தத் தொடர் போன மாதம்தான் ஆரம்பித்தது" என்று மகள் ஒரு புத்தகத்தை எடுத்தாள்.

"ஓ, அப்படியென்றால் முதலாம் இதழ்?"

"இது எட்டாவது முதலாம் இதழ்."

அந்த மனிதர் தொப்பியைக் கழற்றினார். மகள் பொறுமையாக விளக்கினாள். விற்பனை குறையும்போதெல்லாம் பதிப்பாளர் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கிவிடுவார். பழைய கதை நடந்தது நடந்ததுதான், ஆனால் அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். நடுவில் நான்கு உலகங்கள் மோதி ஒன்றானதால் இப்போது ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள், அதில் ஒருத்தி பெண். எல்லாம் புரிய வேண்டுமென்றால் இன்னொரு தொடரின் ஆறு இதழ்களைப் படிக்க வேண்டும். எதுவும் புரியாவிட்டாலும் பரவாயில்லை என்றால் இதையே எடுத்துப் போகலாம். அவர் எதுவும் புரியாததை வாங்கிக்கொண்டு போனார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மறைமலைநகரில் ஆறு வருடம் இன்ஜினியராக இருந்துவிட்டு இங்கே வந்தவனிடம், "கனடிய அனுபவம் இல்லையே" என்று சொல்லி ஒரு குளிர்பதனக் கிடங்கில் பெட்டி தூக்க வைத்தார்கள். அதுவும் ஒரு முதலாம் இதழ்தான் என்று அப்போது எனக்கு யாரும் விளக்கவில்லை.

பிறகுதான் மேசையிலிருந்த அட்டையைப் பார்த்தேன். கலங்கரை விளக்கத்தின் மேல் ஒருவன் நிற்கிறான். முதுகில் இரண்டு சாம்பல் நிறச் சிறகுகள்.

"அட! சாம்பல் சிறகன்!" என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். மகள், முன்பின் தெரியாத வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

காரில் ஏறிய பிறகுதான் கேட்டாள். "அப்பா, அவரை உனக்குத் தெரியுமா?"

சிறகனுக்கு மரியாதை, அப்பாவுக்கு "உனக்கு". சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு எட்டு வருடம் கொண்டுபோய் விட்டதன் பலன் இவ்வளவுதான்.

"தெரியும். எங்க ஊரில் தமிழில் வந்தான். அஞ்சாம் இதழிலிருந்து பன்னிரண்டு வரை படிச்சேன். அப்புறம் பதினாலிலிருந்து."

"பதிமூன்று?"

பின்னால் வண்டி வருகிறதா என்று நான் கண்ணாடியைப் பார்த்தேன். எதுவும் வரவில்லை. இருந்தாலும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

2

கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வளர்ந்தவனிடம் சொந்த ஊர் எது என்று கேட்டால் விழிப்பான். அப்பா வேலையில் இருக்கும்வரை குவார்ட்டர்ஸ். ஓய்வு பெற்ற அன்று சாவியைக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். என் அப்பா அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன். சாவியைக் கொடுத்துவிட்டுக் கோயம்புத்தூர் போய்விட்டார். அதனால் நான் இந்தியா வரும்போதெல்லாம் சென்னையில் இறங்கி, அங்கேயே அடுத்த விமானம் பிடித்து, கோயம்புத்தூர் போய்விடுவேன். விமானம் இறங்கும்போது ஜன்னல் வழியாகக் கடற்கரை தெரியும். அங்கிருந்து கல்பாக்கம் காரில் ஒன்றரை மணி நேரம். இருபத்தொரு வருடத்தில் ஏழு முறை வந்திருக்கிறேன், ஒருமுறைகூட அந்த ஒன்றரை மணி நேரம் எனக்குக் கிடைக்கவில்லை.

அங்கேதான் ஏழுமலை இருக்கிறான். சதுரங்கப்பட்டினம் மீனவர் குப்பத்துக்காரன். ஆறாம் வகுப்பிலிருந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன். இப்போது புதுப்பட்டினத்தில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான்.

சாம்பல் சிறகன் எங்கள் இருவருக்கும் பொது. மாதத்தின் முதல் சனிக்கிழமை அப்பா செங்கல்பட்டுக்குப் போவார். ரயில்வே ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு கடையில் வாராந்தரிகளைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள், அதில் எங்களுக்கு ஒன்றும் தொங்கும். காமிக்ஸ் படித்தால் கணக்கு வராது என்பது என் அம்மாவின் உறுதியான நம்பிக்கை. (கணக்கு வரவில்லை என்பதும் உண்மைதான்.) அதனால் புத்தகம் எங்கள் வீட்டில் ஒரு நாள்தான் தங்கலாம். அடுத்த நாள் அது ஏழுமலை வீட்டுக்குப் போய்விடும். உப்புக் காற்று படாமல் இரண்டு பாலிதீன் உறை போட்டு, வலைகள் வைக்கும் பெட்டிக்குள் அவன் அதைப் பத்திரப்படுத்துவான். படிப்பது இருவரும், சொத்து அவனுடையது.

நாங்கள் ஆரம்பித்ததே ஐந்தாம் இதழில்தான். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யாரையும் கேட்கவில்லை. கயிற்றில் எது தொங்கியதோ அதிலிருந்து ஆரம்பித்தோம்.

பன்னிரண்டாம் இதழின் கடைசிப் பக்கத்தில் எதிரி சிறகனின் ஒரு சிறகை வெட்டிக் கலங்கரை விளக்கத்திலிருந்து கடலில் தள்ளிவிடுகிறான். அடுத்த மாதம் கயிற்றில் சிறகன் தொங்கவில்லை. அதற்கடுத்த மாதம் பதினாலாம் இதழ் தொங்கியது. முதல் பக்கத்திலேயே அவன் இரண்டு சிறகோடும் சொந்த நகரத்தின் மேல் பறந்துகொண்டிருக்கிறான், ஒன்றுமே நடக்காததுபோல. நாங்கள் கொதித்துப் போனோம். நடுவில் ஒரு புத்தகம் செங்கல்பட்டுக்கு வராமல் எங்கேயோ நின்றுவிட்டது என்று முடிவு செய்தோம்.

3

பத்தாம் வகுப்புக் காலாண்டு விடுமுறைக்கு நான் கோயம்புத்தூரில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது ஏழுமலையின் அப்பாவுக்குக் கால் உடைந்திருந்தது. முகத்துவாரத்தில் அலை தூக்கிப் படகைக் கவிழ்த்துவிட்டது, இரண்டு இடத்தில் முறிவு. ஏழுமலை பள்ளிக்கூடம் வருவதை நிறுத்திவிட்டான். சித்தப்பா படகில் போகப் போவதாகச் சொன்னார்கள்.

பார்க்கப் போனேன். பழைய டச்சுக் கோட்டைச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பப்ளிக் பரீட்சை வருஷமாச்சே என்றேன். நோட்டு தர்றேன் என்றேன். கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவனாகவே கேட்டது ஒன்றுதான்.

"உங்க மாமா ஊர்ல பதிமூணு கெடச்சுதா?"

அவன் முகத்தைப் பார்த்தேன். கிடைக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"கிடைச்சுது. மாமா வீட்டிலேயே இருந்துச்சு. படிச்சிட்டேன். எடுத்துட்டு வர விடலை."

"சொல்லு."

சொல்ல ஆரம்பித்தேன். நான்கு சாயங்காலம் ஆனது. கதை பெரிது என்பதால் அல்ல, முடிவு எனக்கே தெரியாததால். சிறகன் ஒரு துறைமுகத்தில் ஒதுங்குகிறான். அந்த ஊரில் அவனை யாருக்கும் தெரியாது. பெயர் என்ன என்று ஒரு அதிகாரி கேட்கிறார், அவன் சொன்ன பெயர் அவருடைய படிவத்தில் அடங்கவில்லை, பாதியை வெட்டிவிட்டு மீதியை எழுதிக்கொள்கிறார். (டவுன்ஷிப் கேட் பாஸ் எழுதுமிடத்தில் நான் பார்த்தது.) மீன் கிடங்கில் ஐஸ் பெட்டி தூக்குகிறான். இவன் ஒரு காலத்தில் பறந்தவன் என்றால் சிரிக்கிறார்கள். யாரோடும் சண்டை கிடையாது. ஒரு வருடம் முழுக்க வேலைக்குப் போகிறான், வருகிறான், அவ்வளவுதான். அங்கே வலை தைக்கும் ஒரு அக்கா அவன் சிறகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தைத்துச் சரிசெய்கிறாள். பறக்க முடிந்ததும், இங்கேயே இருந்துவிடு என்று அந்த ஊர் கேட்கிறது. அவன் இருக்கவில்லை. கடைசிக் கட்டத்தில் தன் நகரத்துக்குத் திரும்புகிறான். அவனுடைய சிநேகிதன் ஒருத்தன் அவன் வருவான் என்று தெரிந்தே காத்திருக்கிறான்.

சொல்லி முடித்ததும் ஏழுமலை எழுந்து மணலைத் தட்டினான். "சோக்கா கீது" என்றான். அவ்வளவுதான்.

அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கு வந்தான். அது என் கதையால் என்று நான் சொல்ல மாட்டேன். ஹெட்மாஸ்டர் நேரில் வந்து அவன் அம்மாவிடம் சத்தம் போட்டிருந்தார், கடலுக்குப் போக வேண்டாமென்று சித்தப்பாவும் சொல்லிவிட்டார். ஆனால் ஏழுமலை அன்று முதல் பதிமூன்றுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். உண்மையைச் சொல்ல நல்ல சமயம் பார்த்துக்கொண்டே இருந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

4

இப்போது அங்கே ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. சாம்பல் சிறகன் வாசகர் வட்டம். இருநூறு பேருக்கு மேல். பழைய தமிழ் இதழ்களைச் சேர்ப்பவர்கள், இப்போது ஆங்கிலத்தில் வருவதைப் போனில் படிப்பவர்கள், படம் மட்டும் பார்த்துவிட்டு வாதாடுபவர்கள் எல்லாரும் அதில் உண்டு. ஏழுமலை அட்மின். நான் எதுவும் எழுதாத உறுப்பினன். எட்டாவது முதலாம் இதழ் வந்ததிலிருந்து புதிதாக நிறையப் பேர் சேர்கிறார்கள். சேர்ந்தவுடன் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி.

அந்தக் கேசரி வாரத்தில் படாளத்திலிருந்து சுகன்யா என்ற கல்லூரி மாணவி கேட்டாள். "வணக்கம், புது சீரிஸ் படிக்க ஆசை. எங்கிருந்து ஆரம்பிக்கணும்?"

நூறு பதில் வந்தது. முதலாம் இதழ் என்றார் ஒருவர், எந்த முதலாம் இதழ் என்றார் இன்னொருவர். மறைமலைநகர் பாஸ்கர் ஒரு அட்டவணை அனுப்பினார். அவர் கார் பாகம் செய்யும் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறார், அட்டவணையும் அப்படித்தான் இருக்கும். பெரிதாக்கிப் பார்த்தாலும் முடியவில்லை.

கடைசியில் ஏழுமலையின் குரல் பதிவு வந்தது. இதை அவன் எல்லாப் புதியவர்களுக்கும் சொல்வான். அதனாலேயே குழுவில் அவனுக்குப் பதிமூணு அண்ணாத்த என்று பெயர்.

"யம்மா, அந்தச் சார்ட்டுலாம் பாத்து பேஜாராவாத. தமிழ்ல பதிமூணாம் நம்பர் புக்குலேர்ந்து ஆரம்பி. அதுல அவனுக்கு றெக்க கெடையாது, பேரு கெடையாது, அந்த ஊர்ல அவன் யாருன்னே ஒருத்தனுக்கும் தெரியாது. உனக்கும் தெரியாது. ரெண்டு பேரும் ஒண்ணா ஆரம்பிச்சிக்கினு போங்க."

மற்றவர்கள் இதற்கு ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சுகன்யா கெட்டிக்காரி. "எங்க கிடைக்கும் அண்ணா?" என்று கேட்டாள்.

அரை மணி நேரத்தில் பாஸ்கர் கட்டிலில் தன்னுடைய முழுத் தொகுப்பையும் பரப்பிப் படம் எடுத்து அனுப்பினார். ஒன்று முதல் அறுபது வரை, எல்லாம் லேமினேட் செய்தது. பன்னிரண்டுக்குப் பக்கத்தில் பதினாலு. கீழே எழுதியிருந்தார்: அந்த அச்சகத்தில் வேலை பார்த்தவரிடமே விசாரித்துவிட்டேன். பதிமூன்று ராசியில்லாத எண் என்று முதலாளி அந்த எண்ணையும் அந்த மாதத்துக் கதையையும் தாண்டிவிட்டார். அப்படி ஓர் இதழ் அச்சாகவே இல்லை. அண்ணாத்த எதைப் படித்தார்?

ராகுகாலம் பார்த்து அச்சு ஓட்டிய ஒரு மனிதர், வெள்ளைக்காரன் ஊர்க் கெட்ட எண்ணையும் விட்டுவைக்காமல் மதித்திருக்கிறார். நாங்கள் செங்கல்பட்டுக் கடைக்காரரைத் திட்டித் தீர்த்தது வீண். குழுவில் சிரிக்கும் முகங்கள் வரிசையாக விழுந்தன. ஒருவர் "பதிமூணு இல்லாத அண்ணாத்த" என்று எழுதினார். அதற்கு முப்பது சிரிப்பு.

ஏழுமலை ஒரு வரிதான் எழுதினான். "அடுத்த வாரம் மாமல்லபுரம் மீட்டிங்ல காட்டுறேன்."

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

5

மறுநாள் காலை எட்டு மணிக்கு அழைத்தான். அவனுக்கு அப்போது இரவுச் சாப்பாட்டு நேரம்.

"மச்சான், எப்டி கீற? நாஸ்தா ஆச்சா?"

"ஆச்சுடா. சொல்லு."

"குரூப்பு பாத்தியா? பொய்யன்றானுங்கடா என்னை. எம் பொண்ணும் அந்த குரூப்புல கீது. 'இன்னாப்பா, நெஜமாவே படிச்சியா'ன்னு அது கேக்குது. நான் படிக்கல, என் சிநேகிதன் படிச்சான்னு இத்தினி வருசமா ஒருத்தன்கிட்டயும் சொல்லல. அது என் தப்புதான். நீ உங்க மாமா வூட்ல கேளு. அந்தப் புக்கு இன்னும் கீதான்னு. போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு. அட்டை மட்டும் போதும்."

இத்தனை வருட அலுவலக வாழ்க்கையில் நான் கற்ற ஒரே கலை, இல்லை என்பதை இல்லை என்று சொல்லாமல் சொல்வது. அது தமிழிலும் தடையில்லாமல் வந்தது. மாமா வீடு மாறிவிட்டார்கள், பரணில் தேட வேண்டும், விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

"நீ இருக்கறப்ப எனக்கு இன்னா கவலை" என்று போனை வைத்தான்.

மகள் சீரியல் கிண்ணத்தோடு எதிரில் நின்றாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததை மறந்துவிட்டேன். ஏழுமலையின் தமிழ் அவளுக்குப் பாதிதான் விளங்கும், பாதியே போதுமானதாக இருந்தது.

"அப்பா, அந்தப் புத்தகம் எங்கே உள்ளது?"

"எங்கேயும் இல்லை."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூன்று நான்கு வருடமாக அவள் என் எதிரில் இப்படி உட்கார்ந்ததில்லை. எங்கள் பேச்செல்லாம் காரில், இருவரும் ரோட்டைப் பார்த்தபடி நடப்பது. பதிமூன்றாம் இதழை அவளுக்குச் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன். வேறு மொழியில் அந்தக் கதை எனக்குத் தெரியாது.

சொல்லச் சொல்ல எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. படிவத்தில் அடங்காத பெயர். இங்கே வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். பெட்டி தூக்கும் கிடங்கு. ஒரு காலத்தில் நான் இன்னார் என்று சொன்னால் மரியாதையாகச் சிரிக்கிறவர்கள்.

"இது நீ கனடாவுக்கு வந்த கதை" என்றாள் மகள்.

"இல்லை. இதைச் சொன்னபோது எனக்குப் பதினைந்து வயது."

அவள் கொஞ்ச நேரம் கிண்ணத்தைக் கிளறினாள். பிறகு, ஆங்கில மூலத்தைத் தான் படித்திருப்பதாகச் சொன்னாள். அதில் சிறகனுக்கு ஒரு விஞ்ஞானி ஊசி போடுகிறார், மூன்று கட்டத்தில் சிறகு முளைத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

"உன்னுடையது நன்றாக உள்ளது" என்றாள். "ஆனால் அவருக்கு நீ உண்மையைச் சொல்ல வேண்டும். எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நீ செய்ததற்கு."

பாடப்புத்தகத் தமிழில் திட்டு வாங்குவது கஷ்டம். ஒரு வார்த்தையும் தப்பிக்க விடுவதில்லை.

6

திங்கள், செவ்வாய், புதன் போயின. அவன் தினமும் ஒரு கேள்விக்குறி மட்டும் அனுப்பினான். நானும் தினமும் "தேடுறாங்க" என்று அனுப்பினேன். இல்லாத ஒன்றைத் தேடுவதற்கு இவ்வளவு உழைப்பா என்று பத்மா கேட்டாள். வெள்ளிக்கிழமை அவனை அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை, எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

சனிக்கிழமை காலை, மீட்டிங்குக்கு முதல் நாள், அவனிடம் தனியாகச் சொல்லத் தைரியமில்லாமல் குழுவில் எழுதினேன். ஏழுமலை பொய் சொல்லவில்லை. பதிமூன்றாம் இதழை அவனுக்குச் சொன்னவன் நான். நான் படிக்கவில்லை. நானாக இட்டுக்கட்டினேன். அவன் என்னை நம்பினான். தப்பு முழுக்க என்னுடையது. கீழே கதையையும் முழுசாக எழுதினேன். கட்டைவிரலால் தட்டித் தட்டி இரண்டு மணி நேரம் ஆனது.

நானே எதிர்பார்க்காதது நடந்தது. சுகன்யா முதலில் எழுதினாள்: "அண்ணா சொன்னது கரெக்ட். இதிலிருந்துதான் ஆரம்பிக்கணும்." பிறகு பலர். யாரோ அதை எடுத்து வேறு குழுக்களுக்கு அனுப்பினார்கள். பாஸ்கர் தனியாக என்னை அழைத்தார்.

"சார், என்கிட்ட முழு செட்டு இருக்குன்னு பதினஞ்சு வருஷமா சொல்லிக்கினு கீறேன். இப்ப எல்லாரும் பதிமூணு கீதான்னு கேக்கறாங்க. நீங்களே கையால எழுதி, கையெழுத்து போட்டு ஒரு காப்பி அனுப்புங்க. லேமினேட் பண்ணி வெச்சிக்கிறேன்."

இல்லாத புத்தகம் என்று நிரூபித்தவரின் தொகுப்பில் இப்போது அது இல்லாத குறை. அவருக்காக நான் உண்மையிலேயே வருத்தப்பட்டேன்.

ஏழுமலை மட்டும் ஒன்றும் எழுதவில்லை. என் செய்தியைப் படித்தவர்கள் பட்டியலில் அவன் பெயர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் மீட்டிங்கின் படங்கள் வந்தன. கடற்கரை ஹோட்டல் ஒன்றின் மாடியில் முப்பது பேர் நிற்கிறார்கள், நடுவில் பாஸ்கரின் டிரங்க் பெட்டி. ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கித் தேடினேன். அவன் இல்லை.

7

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. அலுவலக வண்டி நிறுத்துமிடத்தில் எஞ்சின் உறையாமலிருக்கக் காரின் ஹீட்டர் வயரைக் கம்பத்திலிருந்த மின்சாரப் பிளக்கில் சொருகப் போனேன், போன் அடித்தது. கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினேன்.

"இன்னா மச்சான்."

"ஏழுமலை..."

"இரு. நான் கேக்கிறதுக்கு மட்டும் சொல்லு. அந்த ஐஸ் பொட்டி தூக்கறது. நீ வுட்டதா?"

"ஆமாடா."

"வலை தைக்கிற அக்கா?"

"ஆமா."

"கடைசில வூட்டுக்குத் திரும்பி வர்றானே. அது?"

"அதுவும்தான்."

அவனுக்குப் பின்னால் ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே போனது.

"நீ பிளைட் ஏறின அன்னிக்கு உங்கம்மா அழுதுச்சு. உங்கப்பா மூஞ்ச திருப்பிக்கினு நின்னாரு. நான் அழுவல. உங்கப்பாவே கேட்டாரு, இன்னாடா ஏழுமல, உனக்கு வருத்தமே இல்லியான்னு. நான் பதிமூணு தெரிஞ்சவன்டா. போனவன் பதினாலுல வந்துடுவான்னு எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்துல நின்னுகினு கையாட்டினேன்."

வாயிலிருந்து வந்த புகை கண்ணாடியில் படிந்தது.

"நீ கத வுட்டதுக்குக் கோவம் இல்ல. அன்னிக்கு எனக்கு அது வேண்டியிருந்துச்சு. ஆனா ஏர்போர்ட்டுலயாவது சொல்லியிருக்கலாம்ல, அது நானா வுட்டதுன்னு. நானும் ஒரு வாட்டி அழுதிருப்பேன்."

வைத்துவிட்டான். ஹீட்டர் வயர் என் கையில் இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது, விரல் மரத்துப்போன பிறகுதான் உள்ளே போனேன். அன்று மூன்று பேர் என்னிடம் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். குளிர் என்றேன். இந்த ஊரில் எதற்கும் அதைச் சொல்லிவிடலாம்.

சாயங்காலம் விசா விண்ணப்பத்தைத் திறந்தேன். பழைய விசா காலாவதியாகி ஒரு வருடமாகிறது. வெளிநாட்டு இந்தியர் அட்டைக்கு மூன்று முறை விண்ணப்பித்து, மூன்று முறையும் மூக்குக்கண்ணாடியோடு படம் அனுப்பி நிராகரிக்கப்பட்ட புத்திசாலி நான். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தானும் வருவதாகச் சொன்னாள், கடையில் விடுப்பு கேட்டுவிட்டாளாம். அவள் கேள்விகளைப் படிக்க, நான் சொல்ல, அவளே தட்டினாள்.

"இதற்கு முன் இந்தியாவுக்கு வந்துள்ளீர்களா?" என்று படித்துவிட்டுச் சிரித்தாள்.

"ஆம்னு போடு."

"சென்ற ஊர்கள்?"

"கோயம்புத்தூர்."

"இப்போது செல்லும் ஊர்?"

"கல்பாக்கம். சதுரங்கப்பட்டினம். ரெண்டும் போடு."

"இந்தியாவில் உன்னை அறிந்த ஒருவரின் பெயர், முகவரி."

எப்போதும் அந்த இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கும். இந்த முறை ஏழுமலை என்று போடச் சொன்னேன். வீட்டுக் கதவு எண் எனக்குத் தெரியவில்லை. முப்பது வருடத்துக்கு மேலான சிநேகிதத்தில் அவனுக்கு நான் ஒரு கடிதம்கூடப் போட்டதில்லை. விசாவுக்கு முகவரி வேண்டும், ஏப்ரலில் வருகிறேன் என்று அவனுக்கு எழுதினேன்.

படித்துவிட்டான், நீலக் குறி விழுந்தது. பதில் வர வெகுநேரம் ஆனது. மகள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்மாகூட அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

குரல் பதிவு வந்தது. மூன்று பேரும் கேட்டோம்.

"வூட்டு நம்பர் இருவத்தி ரெண்டு. விசா வந்ததும் டிக்கெட்டு எடுத்து போட்டோ அனுப்பு. வாயால சொல்றதுலாம் இனிமே வேலைக்காவாது மச்சான். அட்டை மட்டும் பத்தாது, உள்ள தேதி கீற பக்கமும் அனுப்பு."